ஐரோப்பாவில் இருந்து கானாடுகாத்தான் வரை... ஏர்போர்ட் செக்-இன் கவுன்ட்டரில் எங்கெல்லாம் சிக்கல் வரும்? முழு விவரம்!

கானாடுகாத்தான் வீதிகளில் நடந்தால் ஐரோப்பா கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். தரையில் இத்தாலி மார்பிள், சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. 1912-ல் கட்டி முடிக்கப்பட்ட செட்டிநாடு அரண்மனை தொடங்கி, பக்கத்துத் தெரு வீடுகள் வரை எல்லாமே கப்பலில் வந்த சரக்கு. அன்றைக்கு எத்தனை டன் என்று யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கு அதே ஊர்ப் பிள்ளைகள் லண்டனிலும் ஃப்ராங்க்ஃபர்ட்டிலும் பாரிஸிலும் வேலை பார்க்கிறார்கள், படிக்கிறார்கள். படைப்புக்கும், கல்யாணத்துக்கும், சில சமயம் துக்கத்துக்கும் ஊர் திரும்ப வேண்டியிருக்கிறது. பெட்டி 23 கிலோவுக்கு மேல் அரை கிலோ ஏறினாலே கவுன்ட்டரில் பேச்சு ஆரம்பிக்கும்.

எடை பிரச்சனையைக் காசு கொடுத்தாவது தீர்த்துவிடலாம். காசு கொடுத்தும் தீராத பிரச்சனைகள் உண்டு. விமானமே ஏற முடியாமல் திரும்ப வேண்டிய நிலை எதனால் வருகிறது? எப்படித் தவிர்ப்பது? பார்க்கலாம்.

எந்த வழியாக வருவது நல்லது?

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் வெளிநாட்டு விமானங்கள் வந்துபோகும் விமான நிலையங்கள் இரண்டு. திருச்சி ஏர்போர்ட் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால் ஊரில் இருந்து சுமார் 75 முதல் 80 கிலோமீட்டர்தான். மதுரை ஏர்போர்ட் சுமார் 100 கிலோமீட்டர். இரண்டுக்குமே ஐரோப்பாவில் இருந்து நேரடி விமானம் கிடையாது. (செட்டிநாட்டிலேயே இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அதைத் திறக்கக் கோரிக்கை வந்துகொண்டே இருக்கிறது, விமானம்தான் வரவில்லை.)

அதனால் நடைமுறையில் இரண்டு வழிகள். ஒன்று, சென்னைக்கு வந்து அங்கிருந்து உள்நாட்டு விமானம், ரயில் அல்லது கார். லண்டன் ஹீத்ரோவில் இருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸும், ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருந்து லுஃப்தான்ஸாவும் சென்னைக்கு நேரடியாக வருகின்றன. வளைகுடா நிறுவனங்கள் துபாய், தோஹா, அபுதாபி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து விடும்.

இன்னொன்று, வெளிநாட்டிலேயே விமானம் மாறி, நேராகத் திருச்சியிலோ மதுரையிலோ வந்து இறங்குவது. லண்டனில் இருந்து ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் கொழும்பு வந்து, அதே டிக்கெட்டில் திருச்சிக்கோ மதுரைக்கோ மாறலாம். சிங்கப்பூர் வரை போய்த் திரும்புகிறவர்களும் உண்டு. ஊரைத் தாண்டிப் போய்விட்டு ஊருக்கு வருவது வேடிக்கைதான். ஆனால் பெட்டி நேராகத் திருச்சியில் வந்து விழும் என்பதால் பலர் இதையே விரும்புகிறார்கள்.

இந்தத் தேர்வு ஏன் முக்கியம்? செக்-இன் கவுன்ட்டரில் நடப்பதில் பாதி, டிக்கெட் போட்ட அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.

ஒரே டிக்கெட்டா, ரெண்டு டிக்கெட்டா?

மலிவாகக் கிடைக்கிறதே என்று லண்டன் - சென்னை ஒரு டிக்கெட், சென்னை - திருச்சி தனியாக இன்னொரு டிக்கெட் என்று போட்டுவிடுகிறோம். இங்கேதான் முதல் அடி.

ஒரு கணக்கு பார்க்கலாம். ஐரோப்பிய டிக்கெட்டில் 23 கிலோ பெட்டி இரண்டு, மொத்தம் 46 கிலோ அனுமதி என்று வைத்துக்கொள்வோம். இந்திய உள்நாட்டு விமானத்தில் எகானமி வகுப்புக்குப் பொதுவாக 15 கிலோதான். டிக்கெட் தனித்தனி என்றால், சென்னையில் உங்கள் கையில் 31 கிலோ கூடுதல். கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டும்போது, மிச்சம் பிடித்த டிக்கெட் காசு அங்கேயே போய்விடும்.

ஒரே பி.என்.ஆர். எண்ணில் லண்டனில் இருந்து திருச்சி வரை டிக்கெட் இருந்தால், பொதுவாக சர்வதேசப் பயணத்துக்கான எடை அனுமதியே கடைசி வரை செல்லும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவதும் நிறுவனத்தின் பொறுப்பு. தனி டிக்கெட் என்றால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை.

துபாயில் இறங்கி, தனி டிக்கெட்டில் வேறொரு நிறுவனத்தின் திருச்சி விமானம் ஏறுவது இன்னும் சிக்கல். பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும் என்றால் இமிக்ரேஷனைத் தாண்டி அந்த நாட்டுக்குள் போக வேண்டும். அதற்கு விசா வேண்டும். "துபாய்க்கு விசா இருக்கா?" என்று ஐரோப்பாவில் கவுன்ட்டரிலேயே கேட்பார்கள். இல்லை என்றால் பெட்டியை வாங்கமாட்டார்கள்.

கவுன்ட்டரில் என்ன பார்க்கிறார்கள்?

செக்-இன் கவுன்ட்டரில் இருப்பவர் பெட்டி போடுபவர் மட்டும் அல்ல. நீங்கள் போய் இறங்கும் நாடு உங்களை உள்ளே விடுமா என்று முதலில் சரிபார்ப்பவரும் அவர்தான். ஆவணம் சரியில்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தால், அபராதமும் திருப்பி அழைத்துப் போகும் செலவும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால்தான் அவ்வளவு கறார்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஊர் திரும்புவதில் பெரிய பிரச்சனை இல்லை. சிக்கல் வருவது பெரும்பாலும் குழந்தைகள் விஷயத்தில்.

அப்பா, அம்மா இருவரிடமும் இந்திய பாஸ்போர்ட். குழந்தை லண்டனில் பிறந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. "நம்ம பிள்ளைதானே, நம்ம ஊருக்குத்தானே" என்று கிளம்பினால், கவுன்ட்டரில் குழந்தைக்கு ஓ.சி.ஐ. அட்டையோ இந்திய விசாவோ கேட்பார்கள். இல்லை என்றால் குழந்தையை ஏற்றமாட்டார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு யார் போவது? குடும்பமே நிற்கும்.

ஓ.சி.ஐ. அட்டை இருப்பவர்கள் அட்டையையும் நடப்பு பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கையில் வைத்திருக்க வேண்டும். முன்பு பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்ற விதி இருந்தது. 2021-ல் அதை நீக்கிவிட்டார்கள். ஆனாலும் வெளிநாட்டுக் கவுன்ட்டரில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது, பழையது இருந்தால் எடுத்துக்கொள்வதில் நஷ்டம் இல்லை. 20 வயதுக்கு முன்பே ஓ.சி.ஐ. அட்டை வாங்கி, 20 வயதைக் கடந்த பிறகு புது பாஸ்போர்ட் எடுத்தவர்கள், ஓ.சி.ஐ. அட்டையையும் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

வெளிநாட்டு நண்பர்களைச் செட்டிநாட்டு வீடுகளைக் காட்டக் கூட்டி வருகிறீர்களா? அவர்களுக்கு இ-விசா போதும். திருச்சி, மதுரை, சென்னை மூன்றிலுமே இ-விசாவில் இறங்கலாம். அதோடு 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவர்கள் இணையத்தில் இ-அரைவல் கார்டு நிரப்ப வேண்டும். வந்து இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு இது தேவையில்லை.

பெயரில் வரும் தொல்லை

இது தமிழர்களுக்கே உரிய தலைவலி. நமக்கு இன்ஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. நகரத்தார் வீடுகளில் இரண்டு மூன்று இன்ஷியல்கூட சாதாரணம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். டிக்கெட் போடும் இணையதளமோ அதை நிரப்பாமல் விடாது. ஒருவர் பெயரையே இரண்டு முறை போடுவார், இன்னொருவர் இன்ஷியலை விரித்து அப்பா பெயரைப் போடுவார்.

விளைவு, ஆன்லைன் செக்-இன் பாதியில் நின்றுவிடும். கவுன்ட்டருக்குப் போனால் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகவில்லை என்பார்கள். டிக்கெட் போட்ட உடனேயே நிறுவனத்துக்கு போன் செய்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் பதிவாகி இருக்கிறதா என்று கேட்டுவிடுவதே நல்லது. பயண நாளில் இதைத் திருத்துவது பெரும்பாடு. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் விஷயத்தில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் இருந்து விசிட் விசாவுக்குக் கெடுபிடி காட்டுவதையும் துபாயில் வெளியே போய் வர நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

90 நாள் கணக்கு: ஆச்சிகளே ஜாக்கிரதை!

மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் என்று ஊரில் இருந்து போகும் ஆச்சிகள், ஐயாக்கள் பெரும்பாலும் ஷெங்கன் விசாவில் போகிறார்கள். 180 நாட்களில் 90 நாட்கள் வரைதான் இருக்கலாம் என்பது விதி. விசா ஸ்டிக்கரில் அதைவிடக் குறைவான நாட்கள் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. இறங்கிய நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தே எண்ணுவார்கள்.

"பேரனை இன்னும் ஒரு நாள் பார்த்துட்டுப் போறேனே" என்று 90-வது நாளுக்கு டிக்கெட் போடுவது ஆபத்து. செக்-இனைத் தவறவிட்டாலோ, ஆவணப் பிரச்சனையில் திருப்பி அனுப்பினாலோ, அடுத்த நாள் அவர் விதி மீறியவர் ஆகிவிடுவார். அடுத்த முறை விசா கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

முன்பு பாஸ்போர்ட்டில் முத்திரைத் தேதியைப் பார்த்து அதிகாரி விரல் விட்டு எண்ணுவார். இப்போது அப்படி இல்லை. 2025 அக்டோபர் 12 முதல் 29 ஷெங்கன் நாடுகளில் இ.இ.எஸ். என்ற கணினிப் பதிவு முறை கட்டம் கட்டமாக வரத் தொடங்கியது. 2026 ஏப்ரல் 10-க்குள் எல்லா எல்லைகளிலும் முழுமையாக்குவது திட்டம். கைரேகையும் முகப் படமும் பதிவாகும், தங்கிய நாட்களைக் கணினியே கணக்கிடும். இதனால் வெளியேறும் வரிசையிலும் நேரம் பிடிக்கலாம். அங்கேயே வசிக்கும் அனுமதி அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு கிடையாது. பிரிட்டனும் அயர்லாந்தும் இந்த முறையில் இல்லை.

இன்னொரு குழப்பம். ஹாம்பர்க்கில் இருந்து ஃப்ராங்க்ஃபர்ட் வந்து சென்னை விமானம் ஏறுகிறவர், ஹாம்பர்க்கில் இமிக்ரேஷன் எங்கே என்று தேட வேண்டியதில்லை. ஷெங்கன் பகுதியை விட்டு எங்கே வெளியேறுகிறோமோ, அந்தக் கடைசி ஊரில்தான் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். விமானம் மாற ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தால், அதில் இந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். பிரிட்டனில் வெளியேறும்போது தனி இமிக்ரேஷன் வரிசையே கிடையாது. செக்-இனில் பார்ப்பதோடு சரி.

தனியாக வரும் பெரியவர்களுக்கு வீல்சேர்

நடக்க முடிகிறவருக்கும் வீல்சேர் கேட்கலாமா? மொழி தெரியாமல், பெரிய விமான நிலையத்தில் வழி தெரியாமல் தவிக்கும் பெரியவர்களுக்காகப் பல குடும்பங்கள் கேட்கின்றன. மூட்டு வலியோடு ஒரு டெர்மினலில் இருந்து இன்னொன்றுக்கு ஓடுவதைவிட அது நல்லதுதான். நன்றாக நடக்கும் இளைஞர்கள் வரிசையைத் தாண்ட இதைப் பயன்படுத்துவது வேறு கதை. அதனால் நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் காத்துக் கிடக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 விதிப்படி இந்த உதவி இலவசம். ஆனால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நேரில் போய்க் கேட்டாலும் முயற்சி செய்வார்கள், உறுதி கிடையாது. டிக்கெட்டில் வீல்சேர் பதிவாகி இருக்கிறதா என்று கவுன்ட்டரில் ஒருமுறை கேளுங்கள். விமானம் மாறும் ஊருக்கும் அது போயிருக்க வேண்டும். பெரியவர் கையில் ஒரு தாளில் ஊர், விமான எண், மகன் அல்லது மகள் போன் நம்பர் எழுதிக் கொடுப்பது எந்த ஆப்பையும்விட உதவும்.

பெட்டியில் எது, கையில் எது?

46 கிலோ அனுமதி என்றால் ஒரே பெட்டியில் 46 கிலோ போடலாம் என்று அர்த்தம் இல்லை. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக எடுக்கவே மாட்டார்கள், தூக்குகிற தொழிலாளர்களுக்கான வரம்பு அது. வளைகுடா நிறுவனங்கள் சிலவற்றில் பெட்டி எண்ணிக்கை இல்லாமல் மொத்த எடைக் கணக்கு இருக்கும். டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே தொங்கும் தராசில் எடை பார்த்துவிட்டால், கவுன்ட்டர் முன்னால் பெட்டியைத் திறந்து சேலையை இங்கிருந்து அங்கே மாற்றும் காட்சி மிச்சம்.

கைப்பெட்டி விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் கைப்பெட்டிக்கு 23 கிலோ வரை விடுகிறது. லுஃப்தான்ஸாவில் 8 கிலோ. எமிரேட்ஸ் எகானமியில் 7 கிலோ. இந்திய உள்நாட்டு விமானத்திலும் 7 கிலோதான், அதுவும் ஒரே பை. லண்டனில் 15 கிலோ கைப்பெட்டியோடு ஜாலியாக ஏறியவர், சென்னையில் திருச்சி விமானத்துக்கு நிற்கும்போதுதான் முழிப்பார்.

பவர் பேங்கை எப்போதும் கையில்தான் வைத்திருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. 100 வாட் ஹவர் வரை பிரச்சனை இல்லை. கடையில் கிடைக்கும் 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் சுமார் 74 வாட் ஹவர்தான். எமிரேட்ஸில் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்று மட்டும் எடுத்துப் போகலாம், விமானத்துக்குள் பயன்படுத்தக் கூடாது.

திரவங்களுக்கு 100 மில்லி கட்டுப்பாடு. புது ஸ்கேனர் வைத்த சில ஐரோப்பிய விமான நிலையங்களில் இதைத் தளர்த்தி இருக்கிறார்கள். ஆனால் விமானம் மாறும் ஊரிலும் சோதனை உண்டு, அங்கே பழைய விதி இருந்தால் பாட்டில் குப்பைக்குத்தான். டியூட்டி ஃப்ரீயில் வாங்கியதை சீல் வைத்த பையிலேயே வைத்திருங்கள், வீட்டுக்கு வரும் வரை பிரிக்காதீர்கள்.

பாஸ்போர்ட், வசிப்பிட அனுமதி அட்டை, மருந்து, நகை நான்கும் கையில் இருக்க வேண்டும். ஊருக்குத்தானே போகிறோம் என்று அனுமதி அட்டையைச் செக்-இன் பெட்டியில் போட்டு, பெட்டி தொலைந்து, திரும்பிப் போக முடியாமல் தவிக்க வேண்டாம்.

சுற்றுலா போனவர்கள் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாங்கிய பொருளுக்கு வரியைத் திரும்பப் பெற நினைத்தால், பெட்டியைக் கவுன்ட்டரில் போடுவதற்கு முன்பே சுங்க முத்திரை வாங்க வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னால் பெட்டி கையில் இருக்க வேண்டுமே! அங்கேயே வசிப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. பிரிட்டனில் கடையில் வாங்கிக் கொண்டுபோகும் பொருளுக்கு 2021 முதல் இதை நிறுத்திவிட்டார்கள்.

எத்தனை மணிக்குப் போகணும்?

நீண்ட தூர விமானங்களுக்குப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு கவுன்ட்டர் மூடப்படும். 59-வது நிமிடத்தில் ஓடி வந்து கெஞ்சினாலும் பெட்டி போகாது. மூன்று மணி நேரம் முன்பே இருப்பது பாதுகாப்பு. டெர்மினலையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீத்ரோவில் 2, 3, 4, 5 என்று நான்கு டெர்மினல்கள், 1-ஐ 2015-லேயே மூடிவிட்டார்கள். தவறான டெர்மினலில் இறங்கினால் அரை மணி நேரம் காலி.

ஆன்லைன் செக்-இன் செய்துவிட்டால் போதுமா? சீட் உறுதியாகும், ஆனால் ஆவணம் பார்ப்பதற்காகக் கவுன்ட்டருக்கு வரச் சொல்வது இந்தியா போகும் விமானங்களில் சகஜம். பெரிய ஏர்போர்ட்டுக்கு வர மலிவு விமானம் பிடிக்கிறவர்கள் மட்டும் இதைத் தவறவிடக் கூடாது. ரையன்ஏர் போன்ற நிறுவனங்களில் ஆன்லைனில் செய்யாமல் ஏர்போர்ட்டில் செக்-இன் செய்தால் ஆளுக்கு 55 யூரோ வரை கேட்கிறார்கள்.

விமானம் ரத்தானாலோ, நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தாலோ, ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி இந்தியா போன்ற தூரத்துக்கு 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். ஒன்றிய நாட்டில் இருந்து கிளம்பும் எந்த நாட்டு நிறுவனத்துக்கும் இது பொருந்தும். பிரிட்டனில் 520 பவுண்டு வரை. தாமதமாக வந்ததற்கும், விசா இல்லாததற்கும் இது கிடைக்காது.

கடைசியாக அந்தச் சீட்டு

பெட்டியைப் போட்டதும் கொடுக்கும் சின்ன ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். டி.ஆர்.இசட். என்றால் திருச்சி, ஐ.எக்ஸ்.எம். என்றால் மதுரை, எம்.ஏ.ஏ. என்றால் சென்னை. கொழும்பு வழியாக வருகிறவர் பெட்டியில் திருச்சி என்று இருந்தால் நேராகத் திருச்சியில்தான் எடுக்க வேண்டும்.

சென்னையில் உள்நாட்டு விமானம் மாறுகிறவர்களுக்கு வேறு கதை. ஸ்டிக்கரில் திருச்சி என்றே இருந்தாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் சுங்கச் சோதனை என்பதால், வழக்கமாகச் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அப்படியே வெளியே நடந்தவர்களின் பெட்டி பெல்ட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கவுன்ட்டரில் "சென்னையில் எடுக்கணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சுங்கத்தில், ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்தவர் என்றால் பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் தங்க நகை வரிச் சலுகையில் வரும். நகைக்கு மட்டும்தான், பிஸ்கட்டுக்கும் காசுக்கும் கிடையாது. மது இரண்டு லிட்டர். இ-சிகரெட்டுக்கு 2019 முதல் இந்தியாவில் தடை. சாட்டிலைட் போனை அனுமதி இல்லாமல் கொண்டு வந்தால் கைது வரை போகும், மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் சின்ன சாட்டிலைட் கருவிக்கும் இதே கதிதான்.

ஃப்ராங்க்ஃபர்ட், லண்டன் விமானங்கள் சென்னைக்கு வருவது பெரும்பாலும் நள்ளிரவிலோ அதிகாலையிலோ. அங்கிருந்து ஊர் சுமார் 400 கிலோமீட்டர். எழும்பூரில் இருந்து காரைக்குடிக்கு வரும் பல்லவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில்தான் கிளம்பும். திருச்சியில் இறங்குகிறவர்கள், 2024 ஜூன் 11 முதல் செயல்படும் புது டெர்மினலில் இருந்து வெளியே வந்து கார் ஏறினால், புதுக்கோட்டை, திருமயம் தாண்டி ஒன்றரை மணி நேரத்தில் கானாடுகாத்தான் விலக்கு வந்துவிடும்.